மாற்றி வாசித்த எழுத்து

தருமபுரி
4.11.2025

அண்ணா,

உன் நம்பரை பிளாக் செய்துவிட்டேன். அம்மாவின் போனிலிருந்து கூப்பிட்டுப் பார்க்காதே, அதையும் பிளாக் செய்தாயிற்று. உன் குரலைக் கேட்கும் தெம்பு எனக்கு இல்லை. இனிமேல் உனக்கும் எனக்கும் காகிதத்தில்தான் பேச்சு. காகிதத்தில் எழுதியதை யாரும் சொல்லவில்லை என்று மறுக்க முடியாது.

ஞாயிற்றுக்கிழமை கல்லறைத் திருநாள் பூசையில் நான் பெட்டியில் போட்ட வேண்டுதல் சீட்டில் என்ன எழுதியிருந்தேன்? "கருவில் கலைந்த எங்கள் மகளுக்காக. ஆண்டோ, அன்பரசி." அவ்வளவுதான். நீ மைக்கில் வாசித்தது என்ன? "கருவில் கலைத்த தங்கள் மகளுக்காக ஆண்டோவும் அன்பரசியும் வேண்டுகிறார்கள்." ந் இருந்த இடத்தில் த். ஒரே ஒரு எழுத்து. தானாகப் போன குழந்தை அந்த ஒரு எழுத்தில் நானாகப் போக்கிய குழந்தை ஆகிவிட்டது.

வெளிச்சம் போதவில்லை என்று எழுதாதே. உன் தலைக்கு மேலேயே எல்இடி லைட் கட்டியிருந்தது. என் கையெழுத்து புரியவில்லை என்றும் எழுதாதே. நான் பிரஸ்ஸில் டிடிபி அடிக்கிறவள், பிழை பார்ப்பதுதான் என் பிழைப்பு. "எங்கள்" என்பதை "தங்கள்" என்று சரியாக மாற்றத் தெரிந்த உனக்கு அதற்கு முந்தின சொல் மட்டும் கண்ணில் படவில்லையா?

பூசை முடிந்து மெழுகுவத்தியைக்கூட நான் கொளுத்தவில்லை. குள்ளம்மாள் சின்னம்மா என் கையைப் பிடித்து இழுத்து, "ஏண்டி, ரெண்டாவதும் பொட்டப்புள்ளைன்னு ஸ்கேன் பாத்து எடுத்துட்டீங்களா? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா நான் வளத்திருப்பேனே!" என்று கேட்டார். சுற்றி இருபது பேர். நம் மாவட்டத்தில் "கலைத்த மகள்" என்றால் வேறு எந்த அர்த்தமும் கிடையாது என்று உனக்குத் தெரியாதா? ஏஞ்சலின் என் பக்கத்தில்தான் நின்றாள். பஸ்ஸில் வரும்போது கேட்டாள்: "அம்மா, பொட்டப்புள்ளைன்னா எடுத்துருவாங்களா?" ஐந்து வயசுக் குழந்தை.

நடந்தது உனக்கு முழுசாகத் தெரியும். ஆகஸ்டில் ஐந்தாம் மாத ஸ்கேனில் குழந்தைக்கு மண்டை ஓடே உருவாகவில்லை என்றார்கள். மூன்று டாக்டர்கள் பார்த்தார்கள். பிறந்தாலும் சில மணி நேரம் நின்றால் அதிகம் என்றார்கள். பையனா பெண்ணா என்று அப்போது எங்களுக்குத் தெரியவே தெரியாது. வெளியே வந்த பிறகுதான் நர்ஸ் சொன்னார். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்து நான் முதலில் கூப்பிட்டது உன்னைத்தான். ஜெபம் பண்ணுண்ணா என்று அழுதேன். பிறகு இங்கே கோயிலில் பாவசங்கீர்த்தனம் செய்தேன். அதைக் கேட்ட சாமியாருக்கே வெளியில் வாய் திறக்க உரிமை இல்லை. கழுத்தை அறுத்தாலும் அவர் சொல்லக் கூடாது. உனக்கு அந்த உரிமையை யார் கொடுத்தது?

அன்பரசி

பொம்மிடி
10.11.2025

அன்புத் தங்கைக்கு,

ஸ்தோத்திரம். உன் கடிதம் வந்தது. அம்மா யார் எழுதியது என்று கேட்டார், கோயில் காரியம் என்று சொல்லிவிட்டேன்.

வெளிச்சத்தைக் காரணம் சொல்லமாட்டேன். தெரிந்துதான் வாசித்தேன். நீ எழுதியது பொய், அன்பு. மாத்திரை போட்டு வெளியே எடுத்த குழந்தையைக் "கலைந்த" என்று எழுதினாய். பலிபீடத்தின் முன்னால் நின்று, கடவுளைப் பார்த்து, ஒரு பொய்யை என் வாயால் வாசிக்கச் சொன்னாய். இருபத்திரண்டு வருஷ உபதேசியார் வேலையில் நான் அதைச் செய்ததில்லை. தங்கைக்காகவும் செய்யமாட்டேன்.

மண்டை ஓடு இல்லாவிட்டால் ஆன்மா இல்லையா? இன்னும் நாலு மாதம் பொறுத்திருந்தால் அவளே போயிருப்பாள். போவதற்கு முன் நான் ஓடி வந்து ஞானஸ்நானம் கொடுத்திருப்பேன். பெயர் வைத்திருப்பேன். நம் அப்பா சவுரியப்பன் பக்கத்திலேயே என் கையால் குழி வெட்டி அடக்கம் செய்திருப்பேன். ஒரு மணி நேரம் மூச்சு விட்டாலும் அவள் என் மருமகள்தானே? அந்த ஒரு மணி நேரத்தை அவளிடமிருந்து பிடுங்க டாக்டர் யார், நீ யார்?

இந்த மாவட்டத்தில் எத்தனை குழந்தைகள் இப்படிப் போயின என்று உனக்குத் தெரியும். யாராவது வாய் திறந்தார்களா? வேனில் ஸ்கேன் மிஷினை வைத்துக்கொண்டு ஊர் ஊராக வந்தார்கள், எல்லோருக்கும் தெரியும், எல்லோரும் மரவள்ளிக் காட்டைப் பார்த்தபடி நின்றார்கள். கோயிலுக்கு வெளியே நான் பேசினால் மதமாற்றம் என்கிறார்கள். கோயிலுக்கு உள்ளே பேசினால் என் தங்கை அவமானம் என்கிறாள். அப்படியானால் ஒரு கிறிஸ்தவன் எந்த இடத்தில் நின்றுதான் தன் விசுவாசத்தைச் சொல்வது? கழிப்பறையிலா? இந்த நாட்டுச் சட்டமே எனக்கு அந்த உரிமையைக் கொடுத்திருக்கிறது. நீ பிடுங்காதே.

குள்ளம்மாள் சின்னம்மா தப்பாகப் புரிந்துகொண்டதற்கு நான் பொறுப்பில்லை.

ஒரு நோட்டீஸ் எழுதியிருக்கிறேன். கருவில் இருக்கும் உயிரைப் பற்றி. தருமபுரியில் கொடுப்பதாக இருக்கிறேன். நம் ஊர் இன்னாசியிடம் கொடுத்து உங்கள் பிரஸ்ஸுக்குத்தான் அனுப்புகிறேன். எனக்கு வேறு பிரஸ் தெரியாது.

ஸ்தனிஸ்லாஸ்

தருமபுரி
18.11.2025

அண்ணா,

இன்னாசி அண்ணன் நோட்டீஸைக் கொண்டுவந்து முதலாளி அருண்குமார் சாரிடம் கொடுத்தார். சார் அதை என் மேசையில் வைத்துவிட்டு, "உங்க அண்ணன் எழுத்து உங்களுக்குத்தான புரியும்" என்று சிரித்தார். அவருக்கு ஒன்றும் தெரியாது.

பதினான்கு பிழை இருந்தது. "சிசு"வுக்கு நெடில் போட்டிருந்தாய். "கொலை"யைக் "கோலை" என்று எழுதியிருந்தாய். மூன்று இடத்தில் ஒற்று இல்லை. எல்லாவற்றையும் திருத்தினேன். ஆனால் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. "பெற்றவளே கொலைகாரி ஆனால் பிள்ளைக்கு யார் துணை" என்று எழுதியிருக்கிறாய் பார், அந்த வரியையும் என் விரலால்தான் அடித்தேன். பெரிய எழுத்தில் போடச் சொல்லியிருந்தாய், பெரிய எழுத்திலேயே போட்டேன். "பெற்றவளே" என்பதை எடுத்துவிட்டுப் "பெற்றவனே" என்று போட எனக்கு ஒரு விநாடி ஆகாது. இரண்டாயிரம் காப்பியும் அப்படியே போயிருக்கும். செய்யவில்லை. இன்னொருத்தர் எழுதிக் கொடுத்ததை அவர் எழுதியபடி கொடுப்பதுதான் என் வேலை. மைக் முன்னால் உன் வேலையும் அதுதான். நான் கூலிக்குச் செய்கிறேன், நீ கடவுளுக்குச் செய்வதாகச் சொல்கிறாய், வித்தியாசம் அவ்வளவுதான்.

உன் உரிமையை யாரும் பிடுங்கவில்லை. நோட்டீஸ் உன் பேச்சு. கருக்கலைப்பு பாவம் என்று பிரசங்கம் செய், மைக் வைத்துச் செய், நான் முதல் வரிசையில் உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டு கேட்கிறேன். ஆனால் சீட்டு என் பேச்சு. அதில் உனக்கு ஒரு எழுத்தும் சொந்தமில்லை. நீ கடவுளிடம் பேசுவதுபோல நின்றுகொண்டு ஊரிடம் பேசினாய். அதற்குப் பெயர் ஜெபம் இல்லை, கோள் சொல்வது.

நாலு மாதம் பொறுத்திருக்கலாமாம். யார் பொறுப்பது? பஸ்ஸில் எழுந்து இடம் கொடுப்பவர்கள் "எத்தனாவது மாசங்க?" என்று கேட்டால் நான் என்ன சொல்வது? ஏஞ்சலின் தினமும் என் வயிற்றில் வாயை வைத்துப் பள்ளிக்கூடக் கதை பேசுவாள். அவளை எப்படித் தடுப்பது? அப்படியும் பொறுத்த பெண்கள் இருக்கிறார்கள். அவர்கள் காலைத் தொட்டுக் கும்பிடுகிறேன். என்னால் முடியவில்லை. நான் செய்தது சரி என்று உனக்கு எழுதவில்லை. தப்பு என்றும் எழுதமாட்டேன். அது எனக்கே இன்னும் தெரியவில்லை.

ஆனால் அது குழந்தை இல்லை என்று நான் ஒரு நாளும் சொன்னதில்லை. குழந்தை இல்லை என்று நினைத்திருந்தால் பூசைக்கு எதற்குச் சீட்டு எழுதுகிறேன்? மூளை இருந்தால் இதை யோசித்திருப்பாய். "கலைத்தேன்" என்று சொல்ல வேண்டியவள் நான். இன்றைக்கோ, பத்து வருஷம் கழித்தோ, யாரிடம், எந்த இடத்தில் என்பதை முடிவு செய்ய வேண்டியவளும் நான். அந்தச் சொல் என் தொண்டைக்குள் இருந்தது. நீ கையை விட்டு எடுத்து ஊருக்குக் காட்டிவிட்டாய்.

இரண்டாயிரம் நோட்டீஸும் கட்டி வைத்திருக்கிறது. வந்து எடுத்துக்கொள். நான் சாப்பாட்டுக்குப் போகும் நேரமாகப் பார்த்து வா.

அன்பரசி

பொம்மிடி
26.11.2025

அன்பு,

நோட்டீஸ் நன்றாக வந்திருக்கிறது. நீ இல்லாத நேரம்தான் வந்தேன். உன் நாற்காலியில் ஏஞ்சலின் ஸ்வெட்டர் மாட்டியிருந்தது.

உன் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். கோபம் குறையவில்லை. உனக்கு இருக்கும் கோபம் எனக்கும் இருக்கிறது, அதை எங்கிருந்து எடுத்து வைத்திருக்கிறேன் என்று உனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. எழுதுகிறேன்.

எனக்குப் பதினான்கு வயசு. நீ அப்போது கைக்குழந்தை. ஆட்டுக்குட்டி ஒன்றை நான் கட்டாமல் விட்டு நாய் கடித்துவிட்டது. அம்மாவுக்குப் பைத்தியம் பிடித்த மாதிரி கோபம். விளக்குமாறு கட்டையோடு துரத்திக்கொண்டே வந்து சொன்னார்: "ஒன்னயக் கலைக்க எத்தன கசாயம் குடிச்சேன் தெரியுமாடா? கல்லு மாதிரி நின்ன! அன்னிக்கே போயிருந்தா இன்னிக்கு வூடு நிம்மதியா இருந்திருக்கும்!" அப்பா பெங்களூரில் கட்டட வேலைக்குப் போன புதுசில் அம்மா என்னைச் சுமந்திருக்கிறார். வீட்டில் ராகி மாவுகூட இல்லாத வருஷம். காரணம் இருந்திருக்கும். இல்லை என்று சொல்லவில்லை.

அன்றைக்கு ராத்திரி சோறு போட்டபோது அம்மா எனக்கு மட்டும் முட்டை வைத்தார். சொன்னதை மறந்துவிட்டார் என்று நினைக்கிறேன். நான் மறக்கவில்லை. யார் வீட்டில் கலைத்ததாகக் கேள்விப்பட்டாலும் அங்கே போனது நான்தான் என்று தோன்றும். ஆகஸ்டில் உன் போன் வந்தபோதும் அப்படித்தான். நீ அழுதாய். எனக்கு நீ அழுதது கேட்கவில்லை, அன்பு. உன் வயிற்றில் இருந்த என்னைப் பற்றி மட்டும்தான் நினைத்தேன்.

இதை எழுதியதால் என் கொள்கை மாறிவிட்டது என்று எண்ணாதே. திங்கட்கிழமை தருமபுரி பஸ் ஸ்டாண்டில் நோட்டீஸ் கொடுக்கப் போகிறேன். சாமியாரிடம் அனுமதி கேட்கவில்லை. பேசுவதற்கு அனுமதி கேட்கிறவன் கடைசி வரை பேசமாட்டான்.

ஸ்தனிஸ்

தருமபுரி
4.12.2025

அண்ணா,

திங்கட்கிழமை உன்னை ஸ்டேஷனுக்குக் கூட்டிக்கொண்டு போனதும் சாயங்காலம் விட்டதும் தெரியும். பிளசி அண்ணி ஆண்டோவிடம் போனில் அழுதிருக்கிறார். உனக்குத் தெரியாதது மறுநாள் நடந்தது.

நோட்டீஸ் அடியில் பிரஸ் பெயர் இருக்கிறதே, அதைப் பிடித்துக்கொண்டு இன்ஸ்பெக்டர் வந்தார். கூடவே முருகேஷ் என்று ஒருவர். அவர்தான் உன்மேல் புகார் கொடுத்தவராம், பஸ் ஸ்டாண்டில் இறங்கி ஆஸ்பத்திரிக்குப் போகும் ஏழைப் பெண்களை நீ மதம் மாற்றுகிறாய் என்று. அந்த நோட்டீஸை எழுத்து எழுத்தாக அடித்தவள் நான். மதமாற்றத்தின் வாடைகூட அதில் இல்லை. அசட்டுத்தனம் இருக்கிறது, கல் நெஞ்சு இருக்கிறது, அது இல்லை.

கல்லறைத் திருநாள் சமாசாரம் எப்படியோ அவர்கள் காதுக்குப் போயிருக்கிறது. ஒரு புகாரை டைப் அடித்தே கொண்டுவந்துவிட்டார்கள். மதத்தின் பெயரால் நீ என்னைப் பொது இடத்தில் அவமானப்படுத்தினாயாம். "கையெழுத்து மட்டும் போடுங்கம்மா, மீதிய நாங்க பாத்துக்கறோம்" என்றார் இன்ஸ்பெக்டர். முருகேஷ், "உங்க அண்ணனே உங்கள அசிங்கப்படுத்தியிருக்காரு. நாங்க உங்க பக்கம் நிக்கறோங்க" என்றார். நான் யாரையும் என் பக்கம் நிற்கக் கூப்பிடவில்லை. வரும் பதினைந்தாம் தேதி வரைக்கும் யோசிக்கச் சொல்லியிருக்கிறார்கள். போகும்போது இன்ஸ்பெக்டர் சாதாரணமாகச் சொன்னார்: "கையெழுத்து இல்லீன்னா, அந்த ஸ்கேன் எங்க எடுத்தீங்க, எதுக்கு எடுத்தீங்கன்னு நாங்க கேக்க வேண்டி வருங்க."

என் கையெழுத்து விழுந்தால் நீ உள்ளே போவாய். முருகேஷின் புகார் மட்டும் என்றால் நிற்காது என்று அருண்குமார் சாருக்குத் தெரிந்த வக்கீல் சொல்கிறார். கூடப்பிறந்தவளே எழுதிக் கொடுத்தால் நிற்குமாம்.

ஆண்டோ போடு என்கிறார். ஷோரூமில் அவரோடு வேலை பார்க்கிறவன் ஒருவன், "பொண்ணுன்னா என்ன பாஸ், நான் ரெண்டு வெச்சிருக்கேன்" என்று ஆறுதல் சொன்னானாம். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

அந்தப் புகாரில் ஒரு வரி இருக்கிறது: "எனது கரு தானாகவே கலைந்திருக்க." அந்த ஒரு வரிக்காகத்தான் என் கை நிற்கிறது. நீ என்னைப் பொய்க்காரி என்றாய். இவர்கள் என்னை நிஜமாகவே பொய்க்காரி ஆக்கி, அந்தப் பொய்யால் உன்னை அடைக்கப் பார்க்கிறார்கள். என் வயிற்றை வைத்து ஆளாளுக்கு வழக்கு நடத்துகிறீர்கள். அவரவருக்கு ஒரு சாமி, ஒரு சட்டம். எனக்கு மட்டும்தான் அங்கே ஒரு மகள் இருந்தாள்.

ஒரே ஒரு கேள்வி. போதனை வேண்டாம், ஸ்தோத்திரம் வேண்டாம். அந்தச் சொல்லை வாசிக்கும்போது, ஊர் அதை எப்படி எடுத்துக்கொள்ளும் என்று உனக்குத் தெரியுமா, தெரியாதா? பதினைந்துக்குள் பதில் வர வேண்டும்.

அன்பரசி

பொம்மிடி
9.12.2025

அன்பு,

தெரியும்.

வாசிப்பதற்கு முன் அரை நிமிஷம் நின்றேன். குள்ளம்மாள் சின்னம்மா முதல் வரிசையில் சேலைத் தலைப்பைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் என்ன கேட்பார் என்றுகூடத் தெரியும். சத்தியத்துக்காகச் செய்கிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சத்தியம் என்றால் மண்டை ஓட்டையும் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு இதை மட்டும் சொன்னேன். உனக்கு வலிக்க வேண்டும் என்று நினைத்தேன், அதுதான் உண்மை. ஸ்டேஷனில் சட்டையைக் கழற்றி உட்கார வைத்து, "எத்தன பேர மாத்தின? சொல்லு, எத்தன பேரு?" என்று சாயங்காலம் வரைக்கும் கேட்டார்கள். ஒருவரும் இல்லை என்று நிஜத்தைச் சொன்னாலும் அவர்கள் வேறு எதையோ எழுதிக்கொண்டார்கள். அந்த ஸ்டேஷன் ரைட்டரின் பேனாவையே நான் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் உன் சீட்டு எனக்கு ஞாபகம் வந்தது.

என்னை மன்னித்துவிடு. கையெழுத்துப் போடாதே என்று கேட்க எனக்கு வாய் இல்லை. அம்மாவுக்கு மட்டும் எதையும் சொல்லாதே.

சாமியார் மைக்கை எடுத்துவிட்டார். வழக்கு ஓயும்வரை நான் வாசிக்கக் கூடாது, பேசக் கூடாது, வேண்டுதல்கூடச் சொல்லக் கூடாது என்று மேலிடத்து உத்தரவாம். "நமக்கு எதுக்குங்க வம்பு, கொஞ்ச நாளைக்கு அடங்கி இருங்க" என்றார். வெளியில் இருக்கிறவர்கள் வாயை மூடினால் புரிகிறது. இவர்கள் அவசர அவசரமாக மூடியதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நீ செய்தது சரி என்று இன்னும் என்னால் எழுத முடியவில்லை. அதைப் பொய்யாக எழுதமாட்டேன்.

ஸ்தனிஸ்

தருமபுரி
15.12.2025

அண்ணா,

கையெழுத்துப் போடவில்லை. உடனே சந்தோஷப்படாதே. உனக்காகச் செய்யவில்லை.

காலையில் நானே ஸ்டேஷனுக்குப் போனேன். அவர்கள் டைப் அடித்த காகிதத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, நான் என் கையால் எழுதியதைக் கொடுத்தேன். "டாக்டர்கள் சொன்னதன் பேரில், நானும் என் கணவரும் சம்மதித்து, என் கருவைக் கலைத்தேன். ஸ்கேன் காகிதங்கள் இத்துடன் இருக்கின்றன. என் அண்ணன் மீது எனக்குப் புகார் இல்லை. அவருடைய நோட்டீஸை நான்தான் அச்சுக்கு அடித்தேன். அதில் யாரையும் மதம் மாறச் சொல்லும் வரி ஒன்றும் இல்லை. அதில் எழுதியிருப்பது எனக்குப் பிடிக்கவில்லை. பிடிக்காததை ஒருவர் சொல்வது குற்றம் என்றால் முதலில் என் பிரஸ்ஸை மூட வேண்டும்."

இன்ஸ்பெக்டர் ஸ்கேன் காகிதத்தைப் புரட்டினார். படத்தைப் பார்த்ததும் மூடி வைத்துவிட்டார். முருகேஷ், "உங்க நல்லதுக்குத்தாங்க சொன்னோம்" என்று முனகினார். என் நல்லது என்ன என்று இந்த நாலு மாதமாக எனக்கு எத்தனை ஆண்கள் சொல்லிவிட்டார்கள் தெரியுமா? உன்னையும் சேர்த்துத்தான் கணக்கு.

கேட்டுக்கொள். பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு வெளியே "கலைத்தேன்" என்று நான் முதன்முதலாகச் சொன்னது ஒரு போலீஸ் ஸ்டேஷனில். ஏஞ்சலினிடம் ஒரு நாள், அவள் பெரியவளான பிறகு, மடியில் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டிய சொல். உன்னால் அதை லத்தி மாட்டியிருக்கும் சுவருக்குப் பக்கத்தில் நின்று சொன்னேன். இதற்கு எந்தச் சட்டத்தில் உனக்கு உரிமை இருக்கிறது என்று தேடிப் பார்த்து எழுது.

மன்னிப்புக் கேட்டிருக்கிறாய். மைக்கில் செய்ததற்குத் தபாலில் மன்னிப்பா? முந்நூறு பேர் கேட்க அடித்துவிட்டு, ஐந்து ரூபாய் கவரில் வைத்துத் தடவிக் கொடுக்கிறாயா? மைக்கைப் பிடுங்கிவிட்டார்கள் என்று அழுகிறாய். கர்த்தர் உனக்குத் தொண்டை கொடுக்கவில்லையா? கோயிலில் எழுந்து நின்று சொல். ஆனால் என்னைப் பற்றி ஒரு சொல் பேசக் கூடாது. மண்டை ஓடு, டாக்டர், எதுவும் வேண்டாம். எனக்கு நீ வக்கீல் இல்லை. நீ என்ன செய்தாய் என்பதை மட்டும் சொல். அதுவரை எனக்கு எழுதாதே.

அன்பரசி

பொம்மிடி
29.12.2025

அன்பு,

நேற்றுத் திருக்குடும்பத் திருநாள் பூசை. நன்மை அப்பம் வாங்கி முடிந்து எல்லோரும் உட்கார்ந்த பிறகு எழுந்து நின்றேன். மைக் பக்கம் போகவில்லை. ஆண்கள் வரிசையில் என் இடத்திலேயே நின்று சத்தமாகச் சொன்னேன்: "கல்லறைத் திருநாளன்று ஒரு சீட்டை அதில் எழுதியிருந்தபடி வாசிக்காமல், என் இஷ்டத்துக்கு ஒரு சொல்லை மாற்றி வாசித்தேன். அந்தக் குடும்பத்தை நீங்கள் தப்பாக நினைப்பீர்கள் என்று தெரிந்தே செய்தேன். ஜெபத்தைக் கொண்டு ஒருத்தரை அடித்தேன். அது என் பாவம்." சாமியார், "ஸ்தனிஸ், உக்காருங்க. உக்காருங்கன்னு சொல்றேன்ல" என்றார். முடிக்கும்வரை நான் உட்காரவில்லை. பாட்டுக் குழுவை அவசரமாகப் பாடச் சொன்னார்கள். குள்ளம்மாள் சின்னம்மா என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு முக்காட்டை இழுத்துக்கொண்டார். வெளியே வந்ததும் இன்னாசி, "பொழைக்கத் தெரியாத ஆளு நீ" என்றான். உபதேசியார் வேலை இருக்குமா என்று தெரியவில்லை.

இதோடு நிறுத்தியிருப்பேன். வேறொன்று நடந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து சட்டை மாற்றிக்கொண்டிருந்தேன். அம்மா கோயில் சேலையைக்கூட அவிழ்க்காமல் வந்து என் முன்னால் உட்கார்ந்தார். "எனக்கும் ஒரு சீட்டு எழுதுடா" என்றார்.

"யாருக்கும்மா?"

"ஒனக்கும் அன்புக்கும் நடுவுல ஒன்னு இருந்துச்சு. அது போயிருச்சு."

எனக்குக் கேட்க வேண்டும்போல இருந்தது, அன்பு. இருபத்தெட்டு வருஷமாக வைத்திருந்த கேள்வி. கசாயம் குடித்தாயா, எதற்குக் குடித்தாய், அது போனது, நான் ஏன் போகவில்லை? வாய் வரைக்கும் வந்தது. அம்மாவின் முகத்தைப் பார்த்தேன், கேட்கவில்லை. பேனாவை எடுத்துக்கொண்டு, "என்னன்னு எழுதட்டும்மா?" என்று மட்டும் கேட்டேன். கலைந்த என்றா, கலைத்த என்றா என்பதைத்தான் கேட்டேன். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது, ஆனால் நான் கேட்டது புரிந்துவிட்டது.

"புள்ளைன்னு எழுது" என்றார் அம்மா. "வேற ஒன்னும் எழுதாத. ராயம்மாள் புள்ள. அவ்ளோதான்."

அப்படியே எழுதினேன். மேசையில் கிடக்கிறது. வருகிற ஞாயிறு வாசிக்க வேண்டும் என்கிறார். என்னை விடமாட்டார்கள். சாமியாரிடம் கொடுத்தால் எண்ணெய்க் கடை லிஸ்ட் மாதிரி மடமடவென்று வாசித்துவிட்டுப் போவார். அம்மாவுக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை.

ஸ்தனிஸ்

தருமபுரி
1.1.2026

அண்ணா,

மன்னித்துவிட்டேன் என்று எழுதுவேன் என நினைத்துக் கவரைப் பிரித்திருப்பாய். எழுதவில்லை. நீ எழுந்து நின்றது சரி. அதை நீ நவம்பர் மூன்றாம் தேதி செய்திருக்க வேண்டும். என் கோபம் இன்னும் என்னிடமே இருக்கிறது, இப்போதைக்கு அதைக் கீழே வைப்பதாக இல்லை.

அம்மாவின் சீட்டைச் சாமியாரிடம் கொடுக்காதே. நீயும் தொடாதே. அம்மா கையிலேயே இருக்கட்டும்.

ஞாயிறு ஏழரைப் பூசைக்கு நானும் ஆண்டோவும் ஏஞ்சலினும் வருகிறோம். தடை உனக்குத்தானே, எனக்கு இல்லையே. அம்மாவின் சீட்டை நான் வாசிக்கிறேன். இந்தச் சமயத்தில் வேண்டாம் என்று சாமியார் சொன்னால், ஏன் வேண்டாம் என்பதையும் அதே மைக்கில் சொல்லச் சொல், எல்லோரும் கேட்கட்டும்.

அம்மாவுடையதை முடித்துவிட்டு என்னுடையதை வாசிப்பேன். புதுசாக எழுதியிருக்கிறேன். எந்தச் சொல்லைப் போட்டிருக்கிறேன் என்று உனக்கு எழுதமாட்டேன். நீ கீழே எல்லோரோடும் உட்கார்ந்து கேள்.

அன்பரசி